படைச் சீருடையும் அதன் விதிகளும்



படையில் சேர விழையும் இளைஞர் பலர் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். ஆதலின், படைச் சீருடையைப் பற்றியும், அதனை அணிவோரைக் கட்டுப்படுத்தும் விதிகளைப் பற்றியும் சில சொல்ல விரும்புகிறேன்.

உடை பற்றிய கட்டளைகளை நம் மக்கள் முன்பே கண்டவர்கள். 1930ஆம் ஆண்டு இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். ஆடவர் முழங்காலுக்குக் கீழே ஆடை உடுத்தலாகாது, சட்டையோ பனியனோ அணியலாகாது என்பன அவற்றுள் அடங்கும். மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன.

படையின் வாயிலும் எப்போதும் திறந்திருக்கவில்லை. அண்ணல் அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் சுபேதாராகவும், படைப்பள்ளித் தலைமையாசிரியராகவும் விளங்கியவர். அவர் பிறந்த மகர் சமூகத்தாரைப் படையில் சேர்ப்பதை 1890களில் ஆங்கில அரசு நிறுத்தியது. 1941இல்தான் மகர் ரெஜிமெண்ட் தோன்றியது.

இன்று அவ்வாயிலில் நுழைவோர் அறியவேண்டியது யாது? சீருடையில் நிற்கும் அதிகாரி எக்குலத்தவராயினும் வீரர் அவருக்கு வணக்கம் செலுத்தியாக வேண்டும். அவ்வணக்கம் பதவிக்கு உரியது. அனுமதியின்றிப் பணிக்கு வாராதிருத்தல், வழங்கப்பட்ட உடையையும் கருவிகளையும் விற்றல் ஆகியன 1950ஆம் ஆண்டுப் படைச்சட்டப்படி குற்றங்கள்.

அதே சட்டம் மேலவரையும் கட்டுப்படுத்துகிறது. கீழ்ப்பணியாளரை அடித்தாலோ கொடுமைப்படுத்தினாலோ 47ஆம் பிரிவின்படி அவர் தண்டனைக்குரியவர். தீங்கிழைக்கப்பட்ட வீரர் 26ஆம் பிரிவின்படி முறையிடலாம். முறையீட்டைக் கேட்கவேண்டிய அதிகாரியே தீங்கிழைத்தவரானால், அவருக்கு அடுத்த மேலதிகாரியிடம் செல்லலாம். சாதிக் கட்டளை கீழிருப்பவனை மட்டுமே கட்டியது. சட்டம் இருவரையும் கட்டுகிறது. இவ்வேறுபாட்டை உணர்ந்தவர் கட்டுப்பாட்டை அடிமைத்தனம் என்று எண்ணார். அநீதியைக் கட்டுப்பாடு என்று பொறுத்துக்கொள்ளவும் மாட்டார்.

தம்பிமார்களுக்கு ஓர் எச்சரிக்கை. விடுப்பில் வந்த அண்ணனின் சீருடையை உடுத்திக்கொண்டு, வீரன் எனப் பிறர் நம்பும்படி உலவுதல் தகாது. 2024 சூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 168ஆம் பிரிவு, அதற்கு மூன்று மாதம் வரை சிறையோ, 2,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது.

இளைஞர்களே! ஓட்டமும் உடற்பயிற்சியும் உங்களைப் படையில் சேர்க்கலாம். அங்கே தலைநிமிர்ந்து நிற்பதற்குச் சட்ட அறிவும் வேண்டும். சீருடை பெறுமுன் அதன் விதிகளைப் படித்துக்கொள்ளுங்கள்.