பெயர்ப் பலகை மாறினால் நீதி வந்துவிடுமா?

(கிராண்ட்பாஸ் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நாம் கூடியிருக்கும் கிராண்ட்பாஸுக்கும் புதுக்கடை நீதிமன்றங்களுக்கும் இடையே தூரம் அதிகமில்லை. ஆனால் நீதிக்கும் நமக்குமுள்ள தூரமோ ஆண்டுக்கணக்கில் நீள்கிறது.

நீதிவான் நீதிமன்றத்தில் பெரும்பாலும் பொலிஸ் அதிகாரியே வழக்கை நடத்துகிறார். புலன் விசாரித்தவரே வழக்காடுபவராகவும் நிற்கிறார். பெருங்குற்றமாயின், வவுனியாவில் நடந்தாலும் மட்டக்களப்பில் நடந்தாலும், ஏடுகள் கொழும்பிலுள்ள சட்டமா அதிபர் திணைக்களத்துக்கு வரவேண்டும். அங்கே குற்றப்பத்திரம் தயாராகும்வரை எதிரி விளக்கமறியலில் வாடுகிறான். முறையிட்டவன் வாசலில் காத்திருக்கிறான். சாட்சி இறந்துபோகிறார், அல்லது கடல் கடந்துவிடுகிறார். அறுவடையை விட்டுவிட்டு வந்த விவசாயி இன்னொரு தவணையைப் பெற்றுக்கொண்டு ஊர் திரும்புகிறான். 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் நம் இளைஞர் பலர் இவ்வாறே ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்தனர்.

பரிகாரம் தேடப்படவில்லை என்று நாம் கூறவில்லை. 1973 இன் 44 ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டம் பொது வழக்குத் தொடுநர் பணிப்பாளர் என்ற பதவியை உண்டாக்கிற்று. அந்தத் தசாப்தம் முடியுமுன்னரே அப்பதவி மறைந்தது. 2020 இல் அரசியலமைப்பின் 20 ஆம் திருத்தம் உயர் நீதிமன்ற நீதியரசர் தொகையை 11 இலிருந்து 17 ஆகவும், மேன்முறையீட்டு நீதிமன்ற நீதியரசர் தொகையை 12 இலிருந்து 20 ஆகவும் உயர்த்திற்று. ஆசனங்கள் பெருகின, நல்லதே. ஆனால் அவ்வாசனங்களின் முன் நின்று அரசின் சார்பில் வழக்கை நடத்துவோர் எத்தனை பேர் என்பதை எந்தச் சட்டம் நிர்ணயித்தது?

2025 இல் அரசாங்கம் தனியான பொது வழக்குத் தொடுநர் அலுவலகம் ஒன்றை அமைக்கும் யோசனையை முன்வைத்தது. அரசுக்கு ஆலோசனை கூறுபவரும் குற்றம் சாட்டுபவரும் ஒருவரே ஆகாதிருத்தல் வரவேற்கத்தக்கது. எனினும் ஆளில்லாத அலுவலகம் வெறும் பெயர்ப் பலகையே. ஆகவே நாம் கேட்பவை மூன்று.

மேல் நீதிமன்றம் ஒவ்வொன்றுக்கும் வேண்டிய வழக்குத் தொடுநர் தொகையைச் சட்டமே வரையறுக்க வேண்டும். அவர்கள் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் நிலையாக அமர்ந்து பணியாற்ற வேண்டும். நீதிவான் நீதிமன்றங்களில் பொலிஸாரின் இடத்தைப் பயிற்சி பெற்ற சட்டத்தரணிகள் படிப்படியாக ஏற்க வேண்டும். தமிழில் ஏடு படித்துத் தமிழில் சாட்சியை விசாரிக்கவல்லோர் போதிய அளவில் நியமிக்கப்பட வேண்டும். அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரை மொழிபெயர்ப்பு உரிமையைத் தருகிறது. மொழிபெயர்ப்பாளரின் வாய்வழியாக மட்டுமே நீதி பெறுவது நம் தலைவிதியாகக் கூடாது.

பணம் எங்கே என்பார்கள். தீர்ப்பின்றி மனிதரைச் சிறையில் அடைத்துச் சோறு போடுவதும் மக்கள் பணத்திலேதான்!

மசோதா வரும் நாளில் அதன் தலைப்பைக் கண்டு நாம் மயங்கலாகாது. எத்தனை பேர், எந்த ஊரில், எந்த மொழியில் என்று கேட்போம். விடை கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம்.