தாய்க்கு முந்தி வந்த சாமி

திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவர் கதை தெரியும்தானே? நிறைமாதக்காரி ரத்னாவதி. அவளைப் பார்க்கப் பூம்புகாரிலிருந்து புறப்பட்ட அம்மாவைக் காவிரி வெள்ளம் அக்கரையிலேயே நிறுத்திவிட்டது. வலி கண்டதும் சிவபெருமானே அம்மா உருவத்தில் வந்து பிரசவம் பார்த்தார். வெள்ளம் வடிந்து பெற்றவள் வந்து நின்றால், வீட்டில் இரண்டு அம்மா!

சுகப்பிரசவம் வேண்டி இன்றும் வாழைத்தார் நேர்ந்துகொள்கிறார்கள். தாரைச் சுமந்து அத்தனை படியும் ஏற வேண்டுமே, அதுவே தனி வேண்டுதல்தான்! செட்டிப்பெண் மருத்துவம் என்று இந்தக் கதையை விழாவில் நடத்திக்காட்டுவதும் உண்டு.

இன்னொரு விசேஷம்: சாரமா முனிவரின் நந்தவனப் பூக்கள் திருடுபோன வழக்கில், நீதி வழங்காத உறையூர் மன்னன்மீது கோபம்கொண்டு, கிழக்கு நோக்கியிருந்த சுவாமி மேற்கே திரும்பிவிட்டாராம். அதனால் கொடிமரம் சந்நிதிக்குப் பின்னால் நிற்கிறது.