பல்வலியோடு காத்திருக்கும் எமது பெற்றோர்

(யேர்மனி வாழ் தமிழ்ப் பெற்றோரும் இளையோரும் பங்கேற்ற நலவாழ்வுக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



1983 ஆம் ஆண்டின் இனவன்முறைகளுக்குப் பின்னர் யேர்மன் மண்ணில் தஞ்சம் புகுந்த எமது முதல் தலைமுறையினர் இன்று அறுபதையும் எழுபதையும் எட்டிவிட்டார்கள். உணவகச் சமையலறைகளிலும் துப்புரவுப் பணிகளிலும் தொழிற்சாலைகளிலும் நின்றபடியே உழைத்த உடல்கள் அவர்களுடையவை. முழங்கால் நோ, நாரி நோ, நீரிழிவு, உயர் குருதியழுத்தம் ஆகிய நான்கும் ஒருவரிடத்திலேயே சேர்ந்திருப்பது எமது வீடுகளில் புதினமல்ல. இவற்றுக்கு நடுவே பல்லும் பழுதடைந்து, சத்திரசிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டு, வாரக்கணக்கில் காத்திருக்க நேர்கின்றது. அந்த நாட்களைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன். நான் வைத்தியர் அல்லன். மொழிபெயர்ப்புக்காக நோயாளருடன் துணைசெல்பவன்.

காத்திருப்பதை நாம் வெறும் பொறுத்திருத்தல் என எண்ணுகின்றோம். பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பது என்று எமது மொழியிலேயே ஒரு வழக்கு உண்டு. நொந்த பல்லை உடையவரால் அதுவும் இயலாது!

முதலில் வலிநிவாரணிகளைப் பார்ப்போம். முழங்காலுக்கு எலும்பு வைத்தியர் டிக்ளோபினாக் எழுதித் தருகின்றார். பல்லுக்கு இபுபுரோபன் மருந்தகத்தில் சீட்டின்றியே கிடைக்கின்றது. பெயர்கள் வேறானாலும் இரண்டும் ஒரே வகை மருந்துகள். சேர்த்து உட்கொண்டால் நிவாரணம் இரட்டிப்பாவதில்லை; இரைப்பையில் குருதி கசியும் ஆபத்தே பெருகுகின்றது. குருதியழுத்த மாத்திரையும் சிறுநீர் பெருக்கும் மாத்திரையும் ஏற்கனவே எடுப்பவராயின் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். பரசிற்றமோல் இந்த வகையைச் சேர்ந்ததன்று. ஆயினும் 500 மில்லிகிராம் மாத்திரையை ஒரு நாளில் எட்டுக்கு மேல் எடுக்கலாகாது. ஈரல் நோயுள்ளவருக்கும் மெலிந்தவருக்கும் அளவு அதனினும் குறைவு. அஸ்பிரின் மாத்திரையை நொந்த பல்லின் அருகே அடக்கிவைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது முரசைப் புண்ணாக்கும். அன்றியும் அஸ்பிரின் குருதி உறைவதைத் தாமதப்படுத்துவதால் சத்திரசிகிச்சையின்போது குருதிப்போக்கைக் கூட்டும்.

மூன்று வைத்தியர்கள் மூன்று சீட்டுக்களை எழுதுகின்றார்கள். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரிவதில்லை. இதற்கென்றே 2016 ஒக்டோபர் முதல், சட்டக் காப்புறுதியில் உள்ளவர்கள் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட மருந்துகளைத் தொடர்ந்து எடுப்பின், அனைத்தையும் ஒரே தாளில் குறித்த மருந்துத் திட்டத்தை வீட்டு வைத்தியரிடம் கேட்டுப் பெறும் உரிமை உண்டு. 'மெடிகாட்சியோன்ஸ்பிளான்' என்று கேளுங்கள். சீட்டின்றி வாங்கியவற்றையும் ஊரிலிருந்து வந்த மருந்துகளையும் அதிலே சேர்க்கச் சொல்லுங்கள்.

எமது அம்மாமார் பெரும்பாலும் சொல்ல மறப்பது ஒன்றுண்டு. எலும்பு நலிவுக்கென ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி அது. நாள்தோறும் விழுங்காததால் அதை மருந்தாகவே அவர்கள் கணக்கிடுவதில்லை. ஆனால் அவ்வகை மருந்துகள் எடுப்போருக்குப் பல் பிடுங்கிய இடத்தில் தாடையெலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு. பல்வைத்தியர் அதை முன்னரே அறிந்திருக்கவேண்டும். மார்குமார் போன்ற குருதியுறைவைத் தடுக்கும் மருந்துகளும் அவ்வாறே. அவற்றைத் தாமாக நிறுத்துவது மூளையிலோ இதயத்திலோ அடைப்பை வருவிக்கலாம். பல வேளைகளில் நிறுத்தாமலே பல்லைப் பிடுங்க முடியும், அம்முடிவு வைத்தியர்களுக்குரியது.

நீரிழிவுக்காரருக்கு வேறொரு சிக்கல். வலியால் உண்ண முடியாதபோதும் வழமையான இன்சுலினைப் போட்டால் குருதியில் சீனி திடீரென வீழும். மறுபுறம், பல்லடியில் சீழ் இருப்பின் சீனி ஏறும். ஆகவே இந்நாட்களில் சீனியை வழமையைவிட அடிக்கடி அளவிடுங்கள். சொதியில் ஊறிய இடியப்பமோ கஞ்சியோ மெல்லாமல் உட்கொள்ளலாம்.

இளையோரே, இனி உங்களுக்கு. 'நோகுது' என்ற ஒற்றைச் சொல்லோடு அப்பா நிறுத்திக்கொள்வார். வைத்தியரோ எத்தகைய வலி என்று கேட்பார். விண்விண் என்று தெறிப்பது 'பொஹென்ட்', குத்துவது 'ஷ்டெஹென்ட்', இழுப்பது 'சீயென்ட்'. இரவில் கூடுகின்றதா, சூட்டுக்கா குளிருக்கா கூசுகின்றது என்பதையெல்லாம் வீட்டிலேயே கேட்டுக் குறித்துச் செல்லுங்கள். ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக அழைத்துச் செல்வதைப் பெற்றோர் கைவிடவேண்டும். மகளின் முன்னிலையில் தந்தை தனது நோயை மறைப்பார். பிள்ளையோ தாங்க முடியாத செய்தியைத் தலையில் சுமந்து வரும். வளர்ந்த ஒருவர் செல்லட்டும். 2013 ஆம் ஆண்டின் நோயாளர் உரிமைச் சட்டத்தின்படி, சிகிச்சை பற்றிய விளக்கம் நோயாளருக்குப் புரியும் வகையிலும், சிந்தித்து முடிவெடுக்கப் போதிய காலம் முன்னதாகவும் தரப்படவேண்டும். கையொப்பமிட்ட படிவத்தின் பிரதியும் உங்களுக்குரியது. ஆயினும் மொழிபெயர்ப்பாளருக்கான செலவைச் சட்டக் காப்புறுதி பொதுவாக ஏற்பதில்லை. இக்குறையை நாம் தொடர்ந்து சுட்டிக்காட்டவேண்டும்.

தஞ்சம் கோரி அண்மையில் வந்த உறவுகளின் நிலை இன்னும் கடினமானது. 1993 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தஞ்சம் கோருவோர் உதவிச் சட்டத்தின் 4 ஆம் பிரிவு, திடீர் நோய்களுக்கும் வலி நிலைகளுக்கும் சிகிச்சை வழங்கச் சொல்கின்றது. செயற்கைப்பல்லோ, மருத்துவக் காரணத்தால் தள்ளிப்போட முடியாதெனில் மாத்திரமே. இவ்வரையறை நீடிக்கும் காலம் 2024 பெப்ரவரியில் 18 மாதங்களிலிருந்து 36 மாதங்களாக உயர்த்தப்பட்டது. மூன்று ஆண்டுகள் பல்லின்றி மெல்லச் சொல்வது மனிதநேயமன்று என்றே நான் கருதுகின்றேன். எனினும் 'வலி' என்ற சொல் அச்சட்டத்திலேயே உள்ளதை மறவாதீர்கள். வைத்தியரிடம் 'பரவாயில்லை' என்று பணிவோடு சொல்பவரின் வலி பதிவேட்டில் ஏறுவதில்லை. ஏறாத வலிக்கு அலுவலகம் இரங்குவதுமில்லை.

காத்திருக்கக்கூடாத வேளைகளும் உண்டு. வீக்கம் கழுத்துக்கோ கண்ணுக்கோ பரவினால், காய்ச்சலோடு வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ கடினமானால், குறித்த நாளை எண்ணிக்கொண்டிராமல் 112 ஐ அழையுங்கள். படியேறும்போது தாடை நொந்து, வியர்த்து, மூச்சு வாங்கினால் அது பல்லன்றி இதயமாக இருக்கலாம். நீரிழிவுக்காரருக்கு நெஞ்சு நோகாமலே மாரடைப்பு வருவதுண்டு. அப்போதும் அழைக்கவேண்டியது 112 தான். இரவில் பல்வலி மட்டும் தாங்க முடியாமற் போனால் உங்கள் பகுதியின் பல்வைத்திய அவசர சேவையை நாடுங்கள். 116117 என்ற இலக்கம் ஏனைய வைத்தியர்களுக்குரியது. அவ்வவசர சேவையின் இலக்கத்தை இன்றிரவே பெற்றோரின் கைபேசியில் பதிந்து கொடுங்கள்.