வாட்டில் இருப்பவர் சாப்பிட்டாரா?

(தோட்டத் தலைவர்கள், மாதர் தலைவியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் தோட்டங்களிலிருந்து புற்றுநோய்க்காக மகரகமைக்கும் கண்டிக்கும் போகிறவர்களின் சாப்பாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். மருந்தைப் பற்றி வைத்தியர் சொல்வார். சாப்பாட்டைக் கவனிப்பதில் நமக்கும் பங்கு உண்டு.

இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வருவது வாய்ப் புற்றுநோய். வெற்றிலை, பாக்கு, புகையிலை பற்றி இன்னொரு நாள் பேசுவோம். வாயிலும் தொண்டையிலும் நோய் உள்ளவருக்கு விழுங்கினாலே வலி. கரண்ட் பிடிப்பது என்று நாம் சொல்லும் கதிர்ச் சிகிச்சை பெரும்பாலும் கிழமைக்கு 5 நாளாக 6, 7 கிழமை நடக்கும். இரண்டு மூன்று கிழமையில் வாய் புண்ணாகும், எச்சில் வற்றும், ருசி போகும். மருந்து ஏற்றினால் குமட்டும். நோயும் தன் பங்குக்குத் தசையைக் கரைக்கும்.

“இந்த நோய் வந்தால் இளைக்கத்தானே செய்யும்” என்று நாம் விட்டுவிடுகிறோம். மெலிந்த உடம்பில் புண் ஆறாது, கிருமி சீக்கிரம் தொற்றும். மருந்தைத் தாங்க முடியாமல் அளவைக் குறைக்கவோ, நாளைத் தள்ளிப்போடவோ நேரும். கதிர்ச் சிகிச்சை இடையில் நின்றால் பலன் குறையும். 50 கிலோ இருந்தவர் சில மாதத்தில் 45 கிலோ ஆனால் அது பெரிய ஆபத்து. இரண்டரைக் கிலோ குறைந்தபோதே சொல்லிவிட வேண்டும்.

சொல்வதில்தான் சிக்கல். தமிழும் அரச கரும மொழிதான்; ஆனால் வாட்டில் எந்நேரமும் தமிழ் தெரிந்தவர் இருப்பதில்லை. சோறு தட்டோடு திரும்பிப் போகும். கேட்டால் நம்மவர் தலையை ஆட்டிவிடுவார். இரண்டு சிங்கள வசனங்களைப் பாடமாக்கிக்கொள்ளுங்கள். “பர அடு வெலா” என்றால் நிறை குறைந்துவிட்டது. “கன்ன பே” என்றால் சாப்பிட முடியவில்லை. போசாக்கு பார்க்கும் வைத்தியரிடம் காட்டச் சொல்லியும் கேளுங்கள்.

சேலைன் ஏறுகிறதே, பசிக்காது என்று நினைக்கிறோம். உப்புச் சேலைனில் சாப்பாட்டுச் சத்தே இல்லை. சாதாரணமாக ஏற்றும் சீனிச் சேலைன் ஒரு லீட்டரில் 50 கிராம் குளுக்கோஸ்தான். 200 கலோரி அளவு. ஒரு நேரச் சாப்பாட்டுக்கே அது ஈடாகாது.

அடுத்தது பத்தியம். முட்டை சூடு, மீன் புண்ணைக் கிளறும், இறைச்சி ஆகாது என்று ஒவ்வொன்றாக நிறுத்திக் கடைசியில் கஞ்சித் தண்ணியும் பிளேன்டீயும்தான் மிஞ்சுகிறது. மாமியார் சொன்னார், பக்கத்து லயத்து அக்கா சொன்னார் என்று நிறுத்தாதீர்கள். 50 கிலோ உள்ளவருக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 75 கிராம் வரை புரதம் வேண்டும். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம். நன்றாக அவித்த முட்டையை மசித்துக் குழைந்த சோற்றில், பருப்பில் கலக்கலாம். மீனை முள் நீக்கிப் பிசையலாம். பால்மா, தயிர், சோயா எல்லாம் உதவும். வாய்ப் புண்ணுக்குக் கொச்சிக்காயும் புளியும் வேண்டாம். மூன்று வேளை முடியாவிட்டால் ஆறு வேளை, கொஞ்சம் கொஞ்சமாக. சீனி வியாதியோ சிறுநீரக நோயோ இருந்தால் வைத்தியரைக் கேட்டுக் கொடுங்கள்.

மூக்கால் குழாய் போட வேண்டும் என்றால் வீட்டில் அழுகை தொடங்கிவிடுகிறது. ஆள் முடிந்துவிட்டார் என்று அதற்கு அர்த்தமில்லை. வாய் ஆறும்வரை சாப்பாடு போக அது ஒரு வழி. ஆறியபின் பலருக்குக் கழற்றிவிடுவார்கள்.

நோயாளிக்குப் பக்கத்தில் இருந்து ஊட்ட ஆள் வேண்டும். மனைவி போனால் அவருடைய நாட்சம்பளம் போகிறது. அதனால்தான் பலர் வாட்டில் தனியாகக் கிடக்கிறார்கள். மரண உதவிச் சங்கத்துக்கு மாதாமாதம் தவறாமல் காசு கட்டுகிறோம். உயிரோடு இருப்பவரைப் பார்க்கப் போகிறவரின் பஸ் காசுக்கும் அதே போல் ஒரு சிறு தொகை சேர்க்க முடியும். துணைக்குப் போகிறவரின் வேலை நாள் பற்றித் தோட்ட நிர்வாகத்திடம் பேச வேண்டியது கமிட்டியின் பொறுப்பு. இரண்டையும் அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் முன்வைக்கிறேன். அதற்குள் உங்கள் டிவிசனில் சிகிச்சையில் இருப்பவர்களின் பெயரையும், கிளினிக் கொப்பியில் உள்ள நிறையையும் எழுதிக்கொண்டு வாருங்கள்.