ஆறிய பின்னும் ருசிப்பது

இந்த முன்னிரவு வேளையில், என் உரைக்குச் செவி கொடுத்திருக்கும் உங்களில் பலருடைய வீடுகளில், பகலில் ஊறிய அரிசியும் உளுந்தும் அரைபட்டு, பாத்திரத்தில் மூடி வைக்கப்பட்டு, நாளைக் காலைக்கான வேலையை ஓசையின்றித் தொடங்கியிருக்கக் கூடும். வேறு சிலர் வீடுகளில், நாளைக்குக் குழந்தைகளுக்கு என்ன கட்டிக் கொடுப்பது என்ற யோசனை, இரவுச் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவும்போதே மனத்தில் ஓடத் தொடங்கியிருக்கும். பள்ளிக்கூட நாளின் சமையல், விடியற்காலையில் அடுப்பு மூட்டும்போது தொடங்குவதன்று. முதல் நாள் இரவிலேயே அது தொடங்கிவிடுகிறது. ஆடம்பரமில்லாத அந்தச் சமையலை ஒரு கலையென்றே கொண்டு, அதன் இலக்கணம் யாது, அதன் உயர்வு எதில் இருக்கிறது என்பதைச் சற்றே ஆராய விரும்புகிறேன்.

கல்யாண விருந்து சமைக்கிற தவசிப்பிள்ளைக்கு ஊரெல்லாம் புகழ் உண்டு. அவர் சமைத்த பதார்த்தம் சுடச்சுட இலையில் விழுகிறது. உண்பவர் முகத்தை அவர் அங்கேயே நின்று பார்க்க முடிகிறது. உப்புக் குறைந்தால் கேட்டுப் போட்டுக்கொள்ளவும், காரம் மிகுந்தால் நெய் விட்டுத் தணித்துக்கொள்ளவும் அங்கே வசதி இருக்கிறது. பள்ளிக்குப் போகும் குழந்தைக்குச் சமைப்பவருக்கோ இந்தச் சௌகரியங்களில் ஒன்றுகூடக் கிடையாது. காலை ஏழு மணிக்கு அவர் டப்பாவில் எடுத்து வைத்த உணவு, நோட்டுப் புத்தகங்களுக்கிடையே நெருக்குண்டு, ஐந்து மணி நேரம் காத்திருந்து, நன்றாக ஆறி, குறுகிய இடைவேளையில், அருகிலிருந்து பரிமாறுவார் எவருமின்றி உண்ணப்படுகிறது. நேரில் பேசுகிறவர் கேட்பவரின் முகக்குறிப்பைப் பார்த்துத் தம் சொல்லைத் திருத்திக்கொள்ளலாம். கடிதம் எழுதுகிறவரோ, தாம் அருகில் இல்லாத வேளையில் அது எவ்வாறு படிக்கப்படும் என்பதை முன்கூட்டியே ஊகித்து எழுத வேண்டும். விருந்துச் சமையல் பேச்சைப் போன்றது; பள்ளிக்கூட நாளின் சமையல் கடிதத்தைப் போன்றது. ஆகையால், அடுப்பிலிருந்து இறக்கிய கணத்தில் எப்படி ருசிக்கிறது என்பதைக் கொண்டு இதை மதிப்பிடுவது முறையாகாது. நண்பகலில், ஆறிய நிலையில் எப்படி ருசிக்கிறது என்பதே இதற்கு உரைகல்.

இந்தக் கலை நேற்று முளைத்ததன்று. வழிநடைக்கு எடுத்துச் செல்லும் உணவை நம் முன்னோர் ஆற்றுணா என்று அழைத்தார்கள். ஆறு என்பது அங்கே வழியைக் குறிக்கும் சொல். பொதிசோறு, கட்டுச்சோறு என்ற பெயர்களும் அதே பொருளைத் தருவன. ஆடிப்பெருக்கன்று காவிரிக் கரைக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள், புளிசாதம், எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், தயிர்சாதம் என்று சித்திரான்னங்களைத் தூக்குகளில் எடுத்துச் சென்று மணலில் அமர்ந்து உண்பது இன்றும் வழக்கமாக இருக்கிறது. குழம்பும் ரஸமும் சிந்தும், சோறும் குழம்பும் தனித்தனிப் பாத்திரம் கேட்கும் என்ற சங்கடத்தை, எல்லாவற்றையும் சோற்றோடு முன்பே கலந்துவிடுவதால் தீர்த்துக்கொண்ட யாத்திரைக்காரர்களின் யுக்தியே, இன்றைக்குக் குழந்தையின் எவர்சில்வர் டப்பாவுக்குள் அமர்ந்திருக்கிறது.

புளிசாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கெட்டியாகக் கரைத்த புளியை, நல்லெண்ணெயில் கடுகும் கடலைப்பருப்பும் வேர்க்கடலையும் வரமிளகாயும் பெருங்காயமும் தாளித்த வாணலியில் விட்டு, மஞ்சளும் உப்பும் சேர்த்து, எண்ணெய் ஓரங்களில் பிரிந்து நிற்கும் வரையில் காய்ச்சி, வறுத்த வெந்தயப் பொடியைத் தூவி இறக்கினால் புளிக்காய்ச்சல் ஆயிற்று. புளிப்பு, உப்பு, எண்ணெய் ஆகிய மூன்றும் கூடிய இடத்தில் உணவு எளிதில் கெடுவதில்லை; ஈரக் கரண்டி படாமல் காத்தால் அது பல நாள் இருக்கும். பழைய அரிசியை உதிர் உதிராக வடித்துத் தாம்பாளத்தில் பரப்பி, நல்லெண்ணெய் விட்டு ஆறவிட்டுக் கலப்பது எதற்காக என்றால், பருக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டாதிருப்பதற்காக. இந்தச் சாதம் கலந்தவுடன் இருப்பதைக் காட்டிலும் சில மணி நேரம் ஊறிய பிறகே நன்றாயிருக்கிறது. காலத்தைப் பகையாகக் கருதாமல், அதையே ஒரு கைப்பொருளாகச் சேர்த்துக்கொண்டு சமைப்பது இந்தக் கலையின் முதல் இலக்கணம்.

அந்த இலக்கணத்திற்குப் பூரணமான உதாரணம் ஒன்று உண்டென்றால், அது தயிர்சாதமே என்பேன். தயிரைச் சோற்றில் பிசைந்து காலையில் அனுப்பினால், நண்பகலுக்குள் அது புளித்துவிடும் என்பதை நம் வீட்டுப் பெரியவர்கள் அநுபவத்தில் அறிந்திருந்தார்கள். ஆகவே, சற்றுக் குழைய வடித்த சோற்றைச் சூட்டோடு மசித்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியபின் காய்ச்சிய பாலைத் தாராளமாக விட்டு, அதில் ஒரே ஒரு கரண்டித் தயிரைக் கலந்து அனுப்பினார்கள். அந்தக் கரண்டித் தயிரிலுள்ள நுண்ணுயிர்கள், முதல் பாடவேளை தொடங்கி மதிய மணி அடிக்கும் வரையில், பாலைத் தயிராக்கிக்கொண்டே இருக்கின்றன. சோறு மிகவும் சுட்டால் அவை மடிந்துவிடும். ஆதலால் ஆறவிடுவது அவசியம். சோறு ஆற ஆற இறுகும் சுபாவமுடையது. ஆதலால் காலையில் சற்றுத் தளர்வாகப் பிசைவது அவசியம். மார்கழிக் குளிரில் தயிரைக் கூட்டியும், பள்ளி திறக்கும் ஜூன் மாத வெயிலில் வெகுவாகக் குறைத்தும் கலக்க வேண்டும். டப்பாவை மூடும்போது பாலன்னமாக இருந்தது, திறக்கும்போது தயிரன்னமாகிவிடுகிறது; சமைத்தவர் கை விட்ட இடத்திலிருந்து, சமையல் தானே நடந்து முடிகிறது.

என் தாயார் தினமும் காலையில் தம் புறங்கையைச் சோற்றின் மேல் சற்றே வைத்துப் பார்த்துவிட்டுப் பிறகே பாலை விடுவார். பள்ளியின் வேப்பமரத்தடியில் அமர்ந்து டப்பாவைத் திறந்த நாட்களில் அந்தப் புறங்கையின் அருமையை நான் அறிந்தவனல்லன். பின்னாளில், என் குழந்தைகளுக்கு நானே பிசைந்து அனுப்பிய முதல் நாள், அவசரத்தில் சுடுசோற்றில் பாலும் தயிரும் விட்டு, அது உறையாமல் திரிதிரியாகப் பிரிந்து, உண்ணப்படாமலே மாலையில் திரும்பி வந்தபோதுதான், அவர் எதைச் சோதித்துப் பார்த்தார் என்பது எனக்கு விளங்கிற்று. எந்தப் புத்தகத்திலும் அளவு எழுதப்படாத அந்த ஒரு கணத்து நிதானமே வித்தை.

எலுமிச்சைச் சாதத்தின் பக்குவமும் இத்தகையதே. தாளிதத்தை அடுப்பிலிருந்து இறக்கிய பின்பே சாற்றைப் பிழிய வேண்டும், கொதிக்கவிட்டால் கசப்பேறும். இட்லியைக் கட்டிக் கொடுக்க வேண்டுமானால், சட்னியைத் தனியே வைப்பதைக் காட்டிலும், நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடியை இரு புறமும் தடவி அனுப்புவதே உத்தமம். எண்ணெய் இட்லியைக் காயவிடாமல் காக்கிறது, சட்னியைப் போல் ஊசிப்போகும் அச்சமும் இல்லை. தேங்காய்ச் சாதம் வீட்டில் உடனே உண்பதற்கு அமிர்தம். வெயில் நாளில் டப்பாவுக்கு ஏற்றதன்று. மொறுமொறுவென்ற தோசை ஐந்து மணி நேரத்தில் தோல் போலாகிவிடும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, ஆவி அடங்காத உணவை மூடிவிடலாகாது. மூடியின் உட்புறத்தில் படிந்த நீர் மீண்டும் சோற்றில் சொட்டி, அதைச் சீக்கிரம் கெடுத்துவிடும்.

இத்தனை நிதானமும் வேண்டுமென்றால், காலையின் ஒன்றரை மணி நேரத்தில் அதற்கு இடம் எங்கே என்று கேட்பீர்கள். அதற்கு விடை, காலையின் பாரத்தை வாரத்தின் மற்ற நாழிகைகளில் பகிர்ந்து வைப்பதே. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி, புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் கறிவேப்பிலைப் பொடியும் செய்து வைத்துக்கொண்டால், புதன்கிழமைக் காலையில் சோறு வடித்தால் போதும். பீன்ஸையோ கொத்தவரங்காயையோ முதல் நாள் இரவே நறுக்கி வைத்திருந்தால், பொரியலுக்குப் பத்து நிமிஷம் ஆகாது. சாதனங்களும் துணை நிற்கின்றன. 1955-ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் உருவாக்கிய மின்சார மாவரைக்கும் இயந்திரம், ஆட்டுக்கல்லின் முன் அமர்ந்து தோள் நோக அரைத்த பெண்களின் மாலைப்பொழுதை மீட்டுக் கொடுத்தது. ஆவியை அடைத்து வைப்பதால், சாதாரணமாக 100 டிகிரியில் கொதிக்கும் நீரை ஏறத்தாழ 120 டிகிரி வரையில் சூடேற்றும் குக்கர், சோற்றையும் பருப்பையும் உருளைக்கிழங்கையும் அடுக்கடுக்காக வைத்து ஒரே அடுப்பில் வேகவைத்துத் தருகிறது. 1951-இல் எஸ். மீனாட்சி அம்மாள் வெளியிட்ட ‘சமைத்துப் பார்’ என்ற நூல், கண்ணளவிலும் கையளவிலும் இருந்த வித்தையை எழுத்தில் நிறுத்தி, பெரியவர்கள் அருகில் இல்லாத இளம் குடும்பங்களுக்கு வழிகாட்டிற்று. ஆயினும், இயந்திரம் நேரத்தைத்தான் மிச்சப்படுத்தித் தரும். முன்யோசனையை நாமே கொண்டு வர வேண்டும்.

தினமும் புதிது புதிதாகச் செய்ய வேண்டுமென்று தவிக்கிற பெற்றோரை இன்று நிறையப் பார்க்கிறேன். அவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. திங்களன்று சாம்பார்சாதம், செவ்வாயன்று எலுமிச்சை, வியாழனன்று தயிர் என்று முறை வைத்துக்கொள்வது கற்பனையின் வறுமையன்று. எந்த நாளில் எது வரும் என்று குழந்தை எதிர்பார்த்திருப்பதும் ஒரு சந்தோஷம். அந்தச் சிறிய வட்டத்திற்குள் ஒவ்வொன்றும் பக்குவமாக இருந்தால், உருளைக்கிழங்கு வறுவல் ஒன்றோ, மாவடு ஒன்றோ துணையாக அமைந்தால், குறையென்று சொல்ல ஏதுமில்லை. பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டும் வறுவல்கள் வயிற்றை நிரப்பலாம். நாவுக்கு நம் உணவின் ருசியைப் பழக்கிக் கொடுப்பதில்லை.

காலையில் அடுப்பு மூட்டவே இயலாத இல்லங்களும் நம்மிடையே பல உண்டு என்பதை மறந்து இந்தக் கலையைப் பாராட்டுவது நேர்மையாகாது. பொழுது புலருமுன் வேலைக்குப் போகும் தாயும் தந்தையும் எதைக் கட்டிக் கொடுப்பார்கள்? பசித்த குழந்தைக்குப் பாடம் ஏறாது என்ற உண்மையைச் சென்னை மாநகராட்சி 1920-லேயே உணர்ந்து, ஆயிரம் விளக்குப் பள்ளியில் உணவளிக்கத் தொடங்கிற்று. 1956-இல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவு மாநிலத்தில் பரவியது, 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், உப்புமாவையும் கிச்சடியையும் பொங்கலையும் பள்ளியிலேயே சுடச்சுட வழங்குகிறது. வீட்டு டப்பாவின் பின்னால் இருக்கும் அதே கவலைதான் அந்தப் பெரிய அண்டாக்களின் பின்னாலும் இருக்கிறது. அங்கே நின்று கிளறுகிற கைகளும் இந்தக் கலைக்கு உரியவையே.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தலைமுறை தலைமுறையாக இந்த முன்யோசனை முழுவதையும் தாயின் தலையிலேயே சுமத்திவிட்டு, அவள் கைமணத்தைப் புகழ்வதோடு நம் கடமை தீர்ந்ததென்று இருந்துவிட்டோம். தந்தை காய் நறுக்கலாம். பத்து வயதுக் குழந்தை தன் டப்பாவைத் தானே கழுவி வைக்கலாம், பருப்புப்பொடியும் நெய்யும் விட்டுச் சாதம் பிசையக் கற்றுக்கொள்ளலாம். மூன்று பேர் கை வைத்தால் காலைப் பரபரப்பும் குறையும். வித்தையும் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேரும்.

கச்சேரி முடிந்தவுடன் வித்வானுக்குக் கரகோஷம் கிடைக்கிறது. இந்தக் கலைக்குரிய தீர்ப்போ, மாலை நாலரை மணிக்குப் பையிலிருந்து வெளியே எடுத்துக் கழுவுமிடத்தில் வைக்கப்படும் டப்பாவில் எழுதியிருக்கிறது. ஓரத்தில் ஒதுக்கிய கறிவேப்பிலை, கீழே தங்கிய நாலு பருக்கை, தொடப்படாத கொத்தவரங்காய் ஆகிய ஒவ்வொன்றையும் சமைத்தவர் நின்று வாசிக்கிறார். நாளைக்கு உப்பைக் குறைக்க வேண்டுமா, காயை இன்னும் பொடியாக நறுக்க வேண்டுமா என்று தமக்குள் தீர்மானித்துக்கொள்கிறார். நாளை மாலை அந்த டப்பாவைத் திறக்கையில், மூடியின் ஓரத்தில் ஒட்டியிருந்த கடைசிப் பருக்கைகூட வழித்து உண்ணப்பட்டிருக்குமானால், ஐந்து மணி நேரத்துக்கு அப்பால் எழுதி அனுப்பிய கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அவர் அறிவார். இப்போது எழுந்து போய், மாவு பொங்கத் தொடங்கிவிட்டதா என்று ஒரு முறை பாருங்கள்.