களைத்த மனமும் தளர்ந்த காலும்



திருகோணமலைத் துறைமுகத்தின் பெருமையை உலகம் அறியும். அத்துறைமுகத்தை அடுத்து வாழும் இளைஞர் உதைபந்தாட்டத்தின்மீது கொண்ட பற்றினை அறிய விரும்புவோர், மாலை வேளையில் ஏகாம்பரம் மைதானத்தின் பக்கம் சென்றாற் போதும். இத்தகைய மைதானங்களில் ஒரு காட்சியை அடிக்கடி காணலாம். நன்றாக ஆடவல்ல மாணவன் ஒருவன், தன் தோழனுக்கு அனுப்பவேண்டிய பந்தை எதிரணியினனின் காலிற் கொண்டு சேர்க்கிறான். கோல் கம்பங்களுக்கு நேரே நின்று அவன் உதைத்த பந்து வெளியே செல்கிறது. ‘சோம்பேறி’ என்கிறார் ஒருவர். ‘உடலில் வலுவில்லை’ என்கிறார் மற்றொருவர்.

அன்று அவன் எங்கிருந்து மைதானத்துக்கு வந்தான் என்பதை எவரும் வினவுவதில்லை. காலை முதல் பாடசாலை. அதன்பின் தனியார் வகுப்பு. உயர்தரப் பரீட்சைக்குரிய கணக்குகள். இடையிற் கிடைத்த சிறு பொழுதில் கைத்தொலைபேசி. அவனுடைய கால்கள் பகல் முழுவதும் மேசையின் கீழ் ஓய்ந்திருந்தன. மனமோ ஒரு கணமும் ஓயவில்லை.

மனத்தின் களைப்பு உடலின் ஆற்றலைக் குறைக்குமா? இவ்வினா புதியதன்று. இத்தாலி நாட்டின் தூரின் நகரப் பேராசிரியர் அஞ்சலோ மோசோ என்பார், 1891ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலில் இதனை ஆராய்ந்துள்ளார். மாணவரை நெடுநேரம் வாய்மொழியாகப் பரீட்சித்த ஆசிரியர் ஒருவர், அதன்பின் விரலால் எடையை இழுத்தபோது, அவரது விரல் வழக்கத்தினும் விரைவில் தளர்ந்துபோனதாம்.

உதைபந்தாட்ட வீரரிடத்து இதனைச் சோதித்தவர், மிற்செல் சிமித்தும் அவருடன் இணைந்த அறிஞரும் ஆவர். அவர்களின் ஆய்வு 2016இல் வெளிவந்தது. வீரர்கள் ஒருநாள் அரைமணி நேரம் சஞ்சிகை படித்தனர். மற்றொருநாள் அதே அரைமணி நேரம் மனத்தை வருத்தும் பயிற்சியொன்றைச் செய்தனர். ‘சிவப்பு’ என்னும் சொல் நீல நிறத்தில் எழுதப்பட்டிருந்தால், சொல்லிற் சிக்காது நிறத்தையே கூறுவது போன்ற பயிற்சி அது. பின்னர் விட்டுவிட்டு ஓடும் ஓட்டத்தில், சஞ்சிகை படித்த நாளில் சராசரியாக 1410 மீற்றர் ஓடியவர்கள், மனம் களைத்த நாளில் 1203 மீற்றருடன் நின்றுவிட்டனர். பந்தை அனுப்புவதிற் பிழைகள் மிகுந்தன. கோலை நோக்கி உதைத்த பந்தின் வேகமும் குறியும் குன்றின.

இங்கே கருதத்தக்கது ஒன்றுண்டு. இரு நாளிலும் இதயத் துடிப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மாறியது யாதெனின், முயற்சியின் பாரம் பற்றிய உணர்வே. அதே ஓட்டம் களைத்த மனத்துக்குப் பெருஞ்சுமையாகத் தோன்றியது. ஆகவே, தளர்ந்து நிற்கும் அம்மாணவன் பொய்க் களைப்புக் காட்டுகிறான் என்று கருதுதல் தகாது. அவன் உணரும் பாரம் உண்மையானதே.

கடலோடிகள் இவ்வுண்மையை வேறொரு வகையில் அறிந்தவர்கள். கப்பலிற் காவல் நிற்பவரை நான்கு மணிக்கொருமுறை மாற்றுதல் பழைய வழக்கம். நோமன் மக்வேத் என்னும் பிரித்தானிய அறிஞர் 1948இல் வெளியிட்ட ஆய்வோ, கூர்ந்து நோக்குவோரின் கவனம் முதல் அரைமணிக்குள்ளேயே குறையத் தொடங்குகிறது எனக் காட்டிற்று. காவலாளியின் கண்ணுக்கு ஓய்வு வேண்டும் என ஏற்கும் நாம், பந்தையும் பத்துத் தோழரையும் எதிரணியினரையும் ஒருங்கே நோக்கவேண்டிய சிறுவனுக்கு அதனை மறுக்கலாமா?

செய்யத்தக்கவை எளியனவே. வகுப்புக்கும் ஆட்டத்துக்கும் இடையே சிறிது ஓய்வு விடுதல் நன்று. ஆட்டத்துக்கு முந்திய அரைமணியிலேனும் கைத்தொலைபேசியை ஒதுக்கி வைத்தல் வேண்டும். பரீட்சை எழுதிய நாளிற் புதிய ஆட்ட முறைகளைக் கற்பியாது, இலகுவான பயிற்சியுடன் நிறுத்திக்கொள்ளலாம். ஆட்டம் தொடங்கும் தறுவாயில் நீண்ட அறிவுரைகள் கூறுவதையும் பயிற்றுநர் தவிர்க்கலாம்.

கல்வியும் ஆட்டமும் ஒன்றற்கொன்று பகையல்ல. இரண்டுக்கும் உழைப்பது ஒரே மனம். ஆதலின், பந்து தவறிய மாணவனை வைவதற்கு முன்னர், ‘தம்பி, இன்று எத்தனை மணிக்குப் படிக்கத் தொடங்கினாய்?’ என்று அன்போடு கேட்போமாக. அவன் கூறும் விடையிலிருந்து, அவனுக்கு வேண்டியது பயிற்சியா ஓய்வா என்பது விளங்கும்.