களைத்தவருக்கு முதலில் சோறு

பொதுக்காலம் 19ஆம் ஞாயிறு – வானொலிச் சிந்தனை



இரண்டு வாரங்களுக்கு முன்பு ஒரு சனிக்கிழமை, திருச்சியிலிருந்து வேளாங்கண்ணிக்குச் சைக்கிளில் போய் அன்றே திரும்பி வருவதென்று நாங்கள் மூவர் புறப்பட்டோம். போய்விட்டோம். திரும்பி வரவில்லை, அதாவது, சைக்கிளில் திரும்பி வரவில்லை. "இதையெல்லாம் வானொலியில் சொல்லத்தான் வேண்டுமா சாமி?" என்று எங்கள் உபதேசியார் கேட்டார். இன்றைய முதல் வாசகத்தைப் படித்த பிறகு, சொல்லாமல் இருக்க எங்களால் முடியவில்லை.

அந்த மூவரில் ஒருவர் உபதேசியார். இன்னொருவர் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கும் கல்லூரி மாணவர். மூன்றாமவர், வயதில் மூத்தவர், 55ஐத் தொட்டுவிட்டவர், இப்போது உங்களோடு பேசிக்கொண்டிருக்கும் இந்தக் குரலுக்குச் சொந்தக்காரர். யோசனை மாணவருடையது. பிடிவாதம் மூத்தவருடையது.

'பிரெவே' என்று பிரெஞ்சுப் பெயரால் சொல்லப்படும் நெடுந்தூரச் சைக்கிள் பயணம் இது. பாரிஸ் நகரத்துச் சங்கம் ஒன்று வகுத்த விதிகள்தாம் உலகெங்கும். 200 கிலோமீட்டரை 13½ மணி நேரத்தில் முடிக்க வேண்டும். 300 என்றால் 20 மணி நேரம். 600 என்றால் 40 மணி நேரம். போட்டி அல்ல, முதலிடம், இரண்டாமிடம் என்று எதுவும் கிடையாது. கையில் ஓர் அட்டை தருவார்கள். வழியில் குறித்த இடங்களில் அதில் முத்திரை வாங்க வேண்டும். முத்திரை வைக்க ஆள் இல்லாத ஊரில் ஏடிஎம் சீட்டோ கடை ரசீதோ சாட்சி. பின்னாலேயே கார் வந்து உதவக்கூடாது. பஞ்சர் ஆனால் நாமே ஒட்டிக்கொள்ள வேண்டும்.

இந்த வகைப் பயணங்களுக்கெல்லாம் தாய் போன்றது பாரிஸ் – பிரெஸ்ட் – பாரிஸ். 1891இல் ஒரு பிரெஞ்சு நாளிதழ் அதைப் பந்தயமாகத் தொடங்கியது. முதலில் வந்த சார்ல் தெரோன் ஏறத்தாழ 1200 கிலோமீட்டரை 71 மணி 22 நிமிடத்தில் முடித்தார். இன்று அது பொதுமக்களுக்கான பயணமாக, 4 ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கிறது. 90 மணி நேரம் தருகிறார்கள். பேருந்து நிழற்குடையிலும் சாலையோரப் புல்லிலும் ஆட்கள் விழுந்து தூங்குவார்களாம். வழியில் உள்ள கிராமத்து மக்கள் நள்ளிரவிலும் வீட்டு வாசலில் மேசை போட்டு, காப்பியும் சூப்பும் இலவசமாகக் கொடுப்பார்களாம். மாணவர் இதைச் சொன்னபோது நாங்கள் கதை கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

தை மாதத்தில் 200 கிலோமீட்டர் முடித்திருந்தோம். அந்த மிதப்பில்தான் 300க்குப் பெயர் கொடுத்தது. பங்கு இளைஞர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் செய்தி போட்டாகிவிட்டது. இரவு வந்து சேரும்போது மாலையோடு நிற்பதாக அவர்கள் பதில் போட்டிருந்தார்கள். அந்த மாலைதான் எங்களைக் கெடுத்தது என்று இப்போது தோன்றுகிறது.

காலை 5 மணிக்குப் புறப்பட்டோம். துவாக்குடி, செங்கிப்பட்டி, வல்லம் என்று ஊர்கள் பறந்தன. ஏழரைக்குள் தஞ்சாவூர். அம்மாபேட்டை, நீடாமங்கலம், திருவாரூர், நாகப்பட்டினம். பதினொன்றரைக்கு வேளாங்கண்ணியில் நிற்கிறோம். அங்கே 3 மணிக்குள் வந்தால் போதும். மூன்றரை மணி நேரம் கையில் மிச்சம். ஆரோக்கிய மாதாவின் திருத்தலத்தில் நன்றி சொன்னோம். எங்கள் கால்களின் பலத்தை எண்ணி எங்களுக்குள் கொஞ்சம் மெச்சிக்கொண்டோம்.

அது ஆடி மாதம் என்பதை மறந்துவிட்டோம். ஆடிக்காற்று மேற்கிலிருந்து வீசுவது. காலை முழுவதும் அது எங்கள் முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. பின்னால் தள்ளும் காற்று காதில் கேட்பதில்லை. அது காற்று என்றே தெரியாது. நம் திறமை என்றுதான் தோன்றும்.

மிச்சமிருந்த நேரத்தில் உட்கார்ந்து ஒழுங்காகச் சோறு சாப்பிட்டிருக்கலாம். உபதேசியார் சொல்லவும் செய்தார். "தஞ்சாவூர் போய்ச் சாப்பிட்டுக்கொள்ளலாம்" என்று மூத்தவர் முடிவு சொல்லிவிட்டார். டீ, ஆளுக்கு ஒரு பொட்டலம் பிஸ்கட். பன்னிரண்டரை வெயிலில் திரும்பினோம்.

நாகப்பட்டினம் வரை அவ்வளவாகத் தெரியவில்லை. அதைத் தாண்டியதும் காற்று முகத்தில் அறைந்தது. திருவாரூர் வந்து சேர மூன்றேகால் ஆயிற்று. டெல்டாவில் மறைப்புக்கு ஒரு குன்று கிடையாது, வயலும் வாய்க்காலும்தான். நீடாமங்கலத்தை அடைந்தபோது மணி 6. மாணவருக்குக் கை நடுங்கியது. அந்த வெயிலிலும் குளிர்ந்த வியர்வை. உபதேசியார் எங்களோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். 20 ஆண்டுகளாக எதற்கும் முகம் சுளிக்காதவர், தண்ணீர் பாட்டிலை நீட்டியதற்கு எரிந்து விழுந்தார். மூத்தவருக்கோ வேறு விதமான இருட்டு. எதற்காக இந்தப் பயணம், எதற்காக இந்தப் பங்கு, இத்தனை ஆண்டு என்ன செய்து கிழித்தோம் என்று சிந்தனை எங்கெங்கோ போயிற்று. செபிக்க முயன்றோம். அருள்நிறை மரியே பாதியில் நின்றது.

உடலில் நடந்தது என்னவென்று பிறகு அந்த மாணவர்தான் விளக்கினார். ஈரலிலும் தசையிலும் நாம் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரை, கடுமையாக மிதித்தால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்குத்தான் வரும். அதன்பின் வழியில் சாப்பிடுவதுதான் கைகொடுக்க வேண்டும். மூளையும் பெரும்பாலும் சர்க்கரையை நம்பித்தான் இயங்குகிறது. அது குறைந்தால் கால் மட்டும் தளராது. கோபம் வரும், அழுகை வரும், எல்லாம் வீண் என்று தோன்றும். வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதிய பால் தெ விவி என்னும் பிரெஞ்சுக்காரர் – 1930இல் காலமானவர் – நெடுந்தூரம் போகிறவர்களுக்குச் சில கட்டளைகள் வகுத்துவிட்டுப் போயிருக்கிறார். பசிக்கும் முன்பே உண், தாகம் எடுக்கும் முன்பே குடி என்பது அவற்றில் ஒன்று. முதல் சில மணி நேரத்தில் உன்னை நீயே விரட்டாதே என்பது இன்னொன்று. கடைசிக் கட்டளை, வீண் பெருமைக்காக ஒருபோதும் மிதிக்காதே என்பது. ஒரே நாளில் மூன்றையும் மீறினோம்.

இருட்டிவிட்டது. விளக்கைப் போட்டுக்கொண்டு, ஒளிரும் மேல்சட்டையோடு போய்க்கொண்டிருந்தோம். அம்மாபேட்டை தாண்டி, சாலியமங்கலம் அருகே, மணி எட்டு இருக்கும். மூத்தவருக்குக் கண் செருகிவிட்டது. மிதித்துக்கொண்டே தூக்கம். சைக்கிள் சாலையின் நடுப்பக்கமாக ஒதுங்கியதைப் பின்னால் வந்த மாணவர் பார்த்துக் கத்தினார். திடுக்கிட்டு ஒடித்ததில் இடப்பக்கம் மண்ணில் விழுந்தோம். அடுத்த நொடி ஒரு லாரி எங்களைக் கடந்து போயிற்று. முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் அந்த லாரியின் சத்தம் இன்னமும் காதில் இருக்கிறது.

விழுந்த இடத்திலிருந்து இருபதடியில் ஒரு தட்டுக்கடை. எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பாட்டி ஓடி வந்தார். நாங்கள் யார் என்று அவருக்குத் தெரியாது. "இந்த வயசுல இது தேவையா?" என்று அவர் கேட்கவில்லை. சைக்கிள்களை வாங்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, "மொதல்ல ஒக்காந்து சாப்புடுங்கப்பா. அப்பறம் எங்க வேணாலும் போங்க" என்றார். சுடச்சுட இட்லி, சாம்பார். ஒரு சொம்பு மோரில் உப்பை அள்ளிப் போட்டுக் கலக்கிக் கொடுத்தார். சாப்பிட்டதும் கடைக்குப் பின்னால் இருந்த கயிற்றுக் கட்டிலையும் இரண்டு பாயையும் காட்டினார். "ஒரு மணி நேரம் கழிச்சி எழுப்பிவிடுறேன். மாதா கோயிலுக்கு நடந்து போறவுங்களும் இங்கதான் படுத்துட்டுப் போவாங்க."

நாற்பது நிமிடத்தில் நாங்களாகவே விழித்துக்கொண்டோம். மறுபடியும் தோசை ஊற்றிக் கொடுத்தார்.

அன்பார்ந்தவர்களே, இன்றைய முதல் வாசகத்தை நினைத்துப் பாருங்கள். அரசர்கள் முதல் நூல், 19ஆம் அதிகாரம். இறைவாக்கினர் எலியா சற்று முன்புதான் கர்மேல் மலையில் பாகாலின் பொய்வாக்கினருக்கு எதிராக வென்றவர். ஆகாபு மன்னனின் தேருக்கு முன்னால் இஸ்ரியேல் வரை ஓடியவர். அப்போது அவர் முதுகிலும் காற்று அடித்தது என்று சொல்லலாம். பிறகு ஈசபேல் அரசியின் மிரட்டல் வருகிறது. உடனிருந்த பணியாளரையும் விட்டுவிட்டு, தனியாக ஒரு நாள் முழுவதும் பாலைநிலத்தில் நடந்து, ஒரு சூரைச்செடியின் அடியில் உட்கார்ந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கடவுளிடம் கேட்கிறார். கேட்டுவிட்டுத் தூங்கிப்போகிறார்.

வானதூதர் வந்து என்ன செய்தார்? கண்டிக்கவில்லை. உன் நம்பிக்கை எங்கே போயிற்று என்று கேட்கவில்லை. தொட்டு எழுப்பிச் சாப்பிடச் சொன்னார். தலைமாட்டில் சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும். சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்தார். தூதர் அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் முறை எழுப்பி, மறுபடி சாப்பிட வைத்தார். ஓரேபு மலைக்கு நாற்பது நாள் நடை அதற்கு அப்புறம்தான். கடவுள் எலியாவோடு பேசுவது அதற்கும் அப்புறம்.

குருமடத்தில் இந்தப் பகுதியைச் சொல் சொல்லாகப் பிரித்துப் படித்தோம். 25 ஆண்டுகளுக்கு மேலாக இதைப் பற்றி மறையுரை ஆற்றியிருக்கிறோம். ஒவ்வொரு முறையும் அப்பத்தை அவசரமாகத் தாண்டி, ஓரேபின் மெல்லிய ஒலிக்கு ஓடிவிடுவோம். இறைவாக்கினருக்கு இரண்டு வேளைச் சாப்பாடும் இரண்டு தூக்கமும் தேவைப்பட்டன என்பது சாலியமங்கலத்துக் கட்டிலில்தான் எங்களுக்கு விளங்கியது.

ஒன்பதரைக்கு உபதேசியார் கணக்குப் போட்டார். இன்னும் 72 கிலோமீட்டர், மூன்றரை மணி நேரம். காற்றும் தணிந்திருந்தது. முடியவே முடியாது என்று சொல்வதற்கில்லை. ஆனால் ஒருமுறை கண் செருகியவருக்கு மறுமுறையும் செருகும். முன்னால் இருப்பதோ இரவு லாரிகள் ஓடும் நாற்கரச் சாலை. பயணத்தை நடத்தியவர்களுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டோம். தஞ்சாவூர் வரை மெதுவாக மிதித்து, அங்கே ஒரு லோடு ஆட்டோ பிடித்தோம். திருச்சி வந்தபோது பன்னிரண்டரை. எங்களுக்குக் கொடுத்த நேரத்துக்குள்தான் வந்தோம். சைக்கிள்கள்தாம் ஆட்டோவில் படுத்துக்கொண்டு வந்தன. நீடாமங்கலத்தில் நிறுத்தியிருந்தால் கசப்போடு நிறுத்தியிருப்போம். வயிறு நிறைந்த பிறகு எடுத்த முடிவில் கசப்பு இல்லை. மாலையை இளைஞர்கள் மாதா சுரூபத்துக்குப் போட்டுவிட்டிருந்தார்கள்.

இதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் அந்த ஆட்டோவில் வரும்போது எங்களை உறுத்திய ஒன்று உண்டு. சம்பந்தப்பட்டவரிடம் அனுமதி கேட்டுத்தான் இதைச் சொல்கிறோம்.

தவக்காலத்தில் ஒரு நாள், பங்கு இல்லத்துத் திண்ணையில் ஓர் அம்மா வந்து உட்கார்ந்தார். பக்கவாதத்தில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமியாரை இரண்டு ஆண்டுகளாகத் தனியாகப் பார்த்துக்கொள்கிறவர். கணவர் வெளியூரில் வேலை. "செத்துப்போயிடலாம்னு இருக்கு சாமி" என்றார். உபதேசியாரும் கூட இருந்தார். நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? ஆண்டவருடைய சிலுவைப் பாடுகளோடு உங்கள் துன்பத்தைச் சேர்த்து ஒப்புக்கொடுங்கள் என்று சொன்னோம். ஒரு நவநாள் புத்தகம் கொடுத்தோம். சொன்னதில் தவறில்லை, எங்கள் விசுவாசம் அதுதான். ஆனால் கடைசியாக எப்போது தூங்கினீர்கள் என்று கேட்கவில்லை. சாப்பிட்டீர்களா என்றுகூடக் கேட்கவில்லை. தலையாட்டிவிட்டுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனார். ஐந்து மாதங்கள் ஆகிவிட்டன.

மறுநாள் ஞாயிறு திருப்பலி முடிந்ததும், முழங்கைக் கட்டோடு அவர் வீட்டுக்குப் போனோம். இந்த முறை கேட்டோம். இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாமியாரைப் புரட்டிப் போட வேண்டும் என்றார். இரண்டு ஆண்டுகளாக ஓர் இரவுகூட முழுதாகத் தூங்கியதில்லை. காலையில் பெரும்பாலும் டீயோடு சரி. செத்துப்போகும் எண்ணம் இப்போதும் வருகிறதா என்றும் கேட்டோம். வருகிறது என்றார்.

மறுநாள் காலையிலேயே உபதேசியாரின் மனைவி அவரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். அவருடைய அன்பியத்துப் பெண்கள் நால்வர் முறை வைத்துக்கொண்டார்கள். வாரத்தில் மூன்று இரவு ஒருவர் போய் மாமியாரோடு இருப்பார். புரட்டிப் போடுவது எப்படியென்று சுகாதாரச் செவிலியர் ஒருவர் வந்து சொல்லிக் கொடுத்தார். பகல் சாப்பாடு இரண்டு வீட்டிலிருந்து போகிறது.

கடந்த செவ்வாய்க்கிழமை காலை 8 மணிக்கு அந்தத் தெரு வழியாகப் போனோம். கதவு சாத்தியிருந்தது. இரவு முறைக்கு இருந்த அம்மா வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தார். "இன்னும் எழுந்திருக்கல சாமி. தூங்கட்டும்" என்றார். சைக்கிள் மணியை அடிக்காமல், தெருமுனை வரை உருட்டிக்கொண்டே போனோம்.